அணைய மறுப்பது லினக்ஸ் அல்ல

மைசூரில் பழைய லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எந்தப் பழுதுக்கடைக்குப் போனாலும் தீர்ப்பு தயாராக இருக்கிறது. திரையில் உபுண்டுவோ மின்ட்டோ தெரிந்தால் போதும், கோளாறு என்னவென்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: லினக்ஸ் என்றால் இப்படித்தான் சார், ஒழுங்காக ஷட் டவுன் ஆகாது, மூடி வைத்தால் திரும்ப எழுந்திருக்காது, பேசாமல் விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவரும் அதையே சொல்கிறார். ஹெப்பாள் பக்கம் மென்பொருள் நிறுவனத்தில் நாள் முழுக்க லினக்ஸ் சர்வர்களோடு மாரடிக்கும் இளைஞர்கூட, சர்வருக்கு லினக்ஸ் சரி, மடியில் வைத்துக்கொள்ள அது சரிப்படாது என்கிறார்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத, ஆனால் இன்னும் ஐந்தாறு வருஷம் உழைக்கக்கூடிய கணினிகள் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஏராளம். அவற்றுக்கு லினக்ஸ் போட்டுப் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது விலையோ பழக்கமோ அல்ல, கடைகளில் சொல்லப்படும் இந்தத் தீர்ப்புதான்.

தீர்ப்பு தவறு. லினக்ஸின் மேல் போட வேண்டிய பழியும் கொஞ்சம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அணைய மறுக்கும் கணினிகளில் பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆள்: தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த ஃபர்ம்வேர், முடியச் சொன்னபோது முடியாத ஏதோவொரு நிரல், அல்லது இணையத்தில் எங்கிருந்தோ எடுத்து நாமே ஒட்டிய ஒரு வரி. யார் என்று பார்க்காமலேயே லினக்ஸின் பெயரை எழுதி வழக்கை மூடிவிடுகிறோம்.

லினக்ஸுக்குத் தூங்கத் தெரியாது என்று சொல்பவரின் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஓடுவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். அது ஒரு நாளில் எத்தனையோ முறை தூங்குகிறது, அழைப்பு வந்தால் நொடியில் எழுகிறது. கெர்னலுக்கே அந்த வித்தை வராது என்றால் அந்த போன் மதியச் சாப்பாட்டுக்கு முன் செத்திருக்கும். க்ரோம்புக்கும் அப்படியே. வித்தியாசம் ஒன்றுதான்: அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் இந்தக் கெர்னலை வைத்துச் சோதித்துவிட்டு விற்கிறார்கள். உங்கள் லேப்டாப்பைச் செய்தவர் அப்படிச் சோதிக்கவில்லை.

இதற்கு 2025இல் கிடைத்த சான்று இன்னும் வெளிப்படையானது. லெனோவோவின் லீஜன் கோ எஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கணினி, விண்டோஸ் 11 போட்டு ஒன்று, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம்ஓஎஸ் போட்டு ஒன்று என இரண்டு வகையாக விற்பனைக்கு வந்தது. ஸ்டீம்ஓஎஸ் லினக்ஸ்தான். ஒரே குடும்பத்து வன்பொருள், இரண்டு இயங்குதளம். இரண்டையும் வைத்துப் பார்த்த விமர்சகர்கள் மெச்சிய விஷயங்களில் முக்கியமானது, பொத்தானைத் தட்டினால் லினக்ஸ் ஒழுங்காகத் தூங்கி ஒழுங்காக எழுகிறது, விண்டோஸ் அப்படி நம்பும்படி இல்லை என்பது. 2022இல் ஸ்டீம் டெக் வந்ததிலிருந்தே வால்வ் இதற்காக உழைத்திருக்கிறது. யாராவது ஒருவர் பொறுப்பேற்று வேலை செய்தால் லினக்ஸ் தூங்கும்.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்பவர்கள் மைசூரிலிருந்து குண்டல்பேட்டை வழியாகப் பந்திப்பூர்க் காட்டைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம். அந்தப் பக்கம் வயநாடு. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான். முன்பு ஐடி@ஸ்கூல் என்றும் இப்போது கைட் என்றும் அழைக்கப்படும் அமைப்பு உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தானே ஒரு பதிப்பை உருவாக்கிப் பள்ளிகளுக்குத் தருகிறது. அங்குள்ள ஆசிரியர்கள் தினமும் மாலையில் ஆய்வகக் கணினிகளை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். லினக்ஸுக்கு அணையத் தெரியாது என்ற தகவல் பந்திப்பூரைத் தாண்டிப் போகவில்லை போலும்.

சரி, அப்படியானால் உங்கள் கணினியில் மட்டும் ஏன் தகராறு? பழைய கணினிகளில் பவர் பட்டன் என்பது மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் விசை. விண்டோஸ் 95 தன் வேலையை முடித்துவிட்டு, இனி அணைக்கலாம் என்று திரையில் எழுதிக் காட்டும். நாம் போய் அணைப்போம். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வடிவமைப்பு அந்த விசையை வெறும் விண்ணப்பமாக்கிவிட்டது. மின்சாரத்தை நிறுத்தும் அதிகாரம் மென்பொருளின் கைக்குப் போனது. அந்த அதிகாரத்துக்கான சட்டப் புத்தகம்தான் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ. இயங்கும் நிலை எஸ்0. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றதைத் தூங்கவைப்பது எஸ்3. நினைவகத்தையும் வட்டில் எழுதிவிட்டு உறங்குவது எஸ்4. முழுதாக அணைவது எஸ்5. எஸ்3க்கு எப்படிப் போவது, எஸ்5க்கு எந்தப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்பதை ஒவ்வொரு கணினியின் ஃபர்ம்வேரும் தன் அட்டவணைகளில் எழுதி வைத்திருக்கும். இயங்குதளம் அதைப் படித்து அதன்படி நடக்கும். அட்டவணை தப்பாக இருந்தால் எந்த இயங்குதளமும் தப்பாகத்தான் நடக்கும்.

அட்டவணை தப்பாக இருந்தும் விண்டோஸ் எப்படி ஓடுகிறது? அந்த அட்டவணையை எழுதியவர், விண்டோஸில் ஓடும்வரை திருத்திவிட்டு, ஓடியதும் கையைக் கழுவிவிட்டார் என்பதால். இதில் சதியைத் தேட விரும்புபவர்களுக்கு ஒரு ஆவணம் உண்டு. பில் கேட்ஸ் 1999 ஜனவரி 24ஆம் தேதி தன் சகாக்களுக்கு எழுதிய மின்னஞ்சல், பின்னால் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கில் வெளியே வந்தது. ஏசிபிஐக்காக நாம் உழைக்க, உழைக்காமலேயே லினக்ஸ் அருமையாக ஓடுவது வருந்தத்தக்கது, விண்டோஸ் என்டிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று யோசிக்கிறார் மனிதர். அந்த யோசனை நடைமுறைக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. வரவேண்டிய தேவையே இருக்கவில்லை, தயாரிப்பாளர்களின் அலட்சியமே போதுமானதாக இருந்தது. 2008இல் ஃபாக்ஸ்கான் மதர்போர்டு ஒன்றின் ஏசிபிஐ அட்டவணை லினக்ஸுக்கு வேண்டுமென்றே கோளாறான பதிலைத் தருகிறது என்று பெரிய சண்டை நடந்தது. கெர்னல் உருவாக்குநர் மேத்யூ காரெட் அந்த அட்டவணையைப் பிரித்துப் பார்த்து, இது நாசவேலை அல்ல, வெறும் மோசமான நிரல் என்றார். எனக்கு அந்தப் பதில்தான் அதிகம் எரிச்சலூட்டியது. எதிரி என்றாவது நினைத்திருக்கிறார்களா என்றால், அதுகூட இல்லை.

இதன் விளைவு வேடிக்கையானது. ஃபர்ம்வேர் இயங்குதளத்தைப் பார்த்து, நீ எந்த விண்டோஸ் என்று கேட்கும் வசதி ஏசிபிஐயில் இருக்கிறது. ஒவ்வொரு விண்டோஸ் பதிப்புக்கும் ஒரு வாசகம். ஆம் என்றால் ஒரு பாதை, இல்லையென்றால் வேறு பாதை. சோதிக்கப்பட்டது விண்டோஸ் பாதை மட்டுமே என்பதால் லினக்ஸ் அத்தனை கேள்விக்கும் ஆம் என்றே பதில் சொல்கிறது. நீ லினக்ஸா என்று கேட்டால் மட்டும் இல்லை என்கிறது! 2007இல் வந்த 2.6.23 கெர்னலிலிருந்து அப்படித்தான். லினக்ஸ் என்று உண்மையைச் சொன்னால் யாரும் சோதிக்காத பாதையில் தள்ளிவிடுகிறார்கள் என்று கண்ட பிறகு எடுத்த முடிவு அது.

கெர்னலின் மூல நிரலில், எக்ஸ்86 பகுதியில், கணினியை மறுதொடக்கம் செய்யும் வேலைக்கான கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு நீண்ட பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இந்த மாடலுக்கு வழக்கமான முறை வேலை செய்யாது, இப்படிச் செய் என்று மாடல் மாடலாக எழுதி வைத்திருக்கிறார்கள். டெல், ஆப்பிள், ஏசூஸ், ஏசர் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. டெல் ஆப்டிப்ளெக்ஸ் 745, 990 இரண்டும் இருக்கின்றன. அலுவலகங்கள் கழித்துவிட்டு, புதுப்பிக்கப்பட்டவை என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் விற்பனைக்கு வருவது இதே ஆப்டிப்ளெக்ஸ் வரிசைதான். தயாரிப்பாளர் விட்ட பிழையைச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் கண்டுபிடித்து, திருத்தம் எழுதி, உலகம் முழுவதற்கும் இலவசமாக அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகும் கெட்ட பெயர் லினக்ஸுக்கு.

திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை 2018இல் வந்தபோது லினக்ஸில் ஒழுங்காகத் தூங்கவில்லை. லினக்ஸ் திணறுகிறது என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மை என்னவென்றால் அதன் ஃபர்ம்வேரில் எஸ்3 நிலையே அறிவிக்கப்படவில்லை. அதே ஆண்டில் லெனோவோ அந்த ஃபர்ம்வேருக்கு, அதாவது பயாஸுக்கு, ஒரு புதுப்பிப்பு தந்தது. ஸ்லீப் என்ற இடத்தில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு தேர்வுகள் வந்தன. லினக்ஸைத் தேர்ந்தால் எஸ்3 கிடைக்கும். கெர்னலில் ஒரு எழுத்து மாறாமல் நோய் தீர்ந்தது. இன்றைய புது லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3யை அடியோடு எடுத்துவிட்டார்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று விண்டோஸ் உலகம் கொண்டாடும் ஏற்பாட்டில் கணினி முழுதாகத் தூங்குவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அதனால் மூடிப் பைக்குள் வைத்த விண்டோஸ் லேப்டாப் கொதித்துப்போய் வெளியே வந்த கதைகள் ஏராளம். அப்போது மட்டும் லேப்டாப் சரியில்லை என்கிறார்கள், விண்டோஸ் சரியில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

அடுத்த குற்றச்சாட்டு, ஷட் டவுன் கொடுத்தால் ஒன்றரை நிமிடம் இழுக்கிறது என்பது. இழுக்கிறது, உண்மை. அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணமும் ஒரு பெயரும் உண்டு. பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் பணிகளைத் தொடங்கி முடிக்கும் சிஸ்டம்டி, ஒவ்வொரு பணியையும் முதலில் மரியாதையாக முடியச் சொல்லும். 90 விநாடி பொறுத்துப் பார்க்கும். அதற்குள் முடியாவிட்டால் கொன்றுவிட்டு மேலே போகும். ஃபெடோரா 2023இல் 38ஆம் பதிப்பில் இதை 45 விநாடியாகக் குறைத்தது. காத்திருக்கும் நேரத்தில் எஸ்கேப் விசையைத் தட்டினால், எந்தப் பணிக்காகக் காத்திருக்கிறது என்பது அதன் பெயரோடு திரையில் வரும். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் வழக்கமாகச் சிக்குவது, வேறொரு கணினியின் வட்டைப் பிணையம் வழியாக இணைத்து வைத்திருப்பது. வைஃபை முதலில் போய்விடும். அப்புறம் அந்த வட்டிடம் விடைபெறப் போனால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. இணைப்பை எழுதும் வரியில், இது பிணையத்தைச் சார்ந்தது, தேவைப்படும்போது மட்டும் இணை என்று குறித்துவிட்டால் முடிந்தது. யார் தாமதிக்கிறார் என்று திரையிலேயே எழுதிக் காட்டும் இயங்குதளத்தை, வட்டமிட்டுச் சுழலும் புள்ளிகளைக் காட்டும் இயங்குதளத்தை விட மோசம் என்று எந்த அளவுகோலால் அளக்கிறார்கள்?

விண்டோஸ் நொடியில் அணைகிறதே என்பார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது இயல்பாக முழுதாக அணைவதே இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் பயனரை வெளியேற்றிவிட்டுத் தன் கெர்னலை அப்படியே வட்டில் எழுதி உறங்குகிறது; மறுநாள் அதையே எடுத்து ஓட்டுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையாகவே புதிதாகத் தொடங்குகிறது. ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பவர்களின் தலைவலி பாதி இங்கிருந்து வருகிறது. விண்டோஸ் பகிர்வு பாதி உறக்கத்தில் கிடப்பதால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கும், படிக்க மட்டும் அனுமதிக்கும். அதுவும் லினக்ஸின் கோளாறு என்றே பதிவாகிறது.

மைசூருக்கு வருவோம். சிவசமுத்திரத்தில் 1902இல் நீர்மின்சாரம் எடுத்து முதலில் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள், 1908இல் இந்த ஊருக்கும் விளக்கு வந்தது. அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரிவதைப் பார்க்க உலகமே வருகிறது. ஆனாலும் ஏப்ரல், மே மாதக் காற்றுமழையில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் குவெம்புநகரும் சரஸ்வதிபுரமும் இருட்டுதான். இந்த ஊர்க் கணினிகளின் பவர் பிரச்சினைகளில் கணிசமானவை இங்கே பிறக்கின்றன. அணைத்துவிட்டுப் படுத்தேன், நடுராத்திரியில் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது, லினக்ஸ் சரியாக அணையவில்லை என்று ஒரு புகார் வரும். போன மின்சாரம் திரும்பி வந்ததும் கணினியைத் தானாக எழுப்பும் அமைப்பு பயாஸில் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்த இயங்குதளமும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. பயாஸுக்குள் போய் அந்த வரியை அணைத்தால் பேய் போய்விடும்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்புவது இன்னொரு கூத்து. பேட்டரி தீரப் போகிறது என்று கணினிக்குச் சொல்ல அதற்கு வாயில்லை. தீர்ந்ததும் கணினி செத்து விழும். யூஎஸ்பி கம்பியால் கணினியோடு பேசும் யூபிஎஸ் வாங்கி, நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச நிரலைப் போட்டால், மின்சாரம் போய்ப் பேட்டரி இறங்கியதும் லினக்ஸ் கோப்புகளை மூடிவிட்டுத் தானே அணையும். கடையில் யூபிஎஸ் கேட்டால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று மட்டும் சொல்லி விற்கிறார்கள். அந்தக் கம்பி பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

அணையாவிட்டால் என்ன, பவர் பட்டனை அழுத்திப் பிடி என்பதுதான் எல்லோரும் சொல்லும் மருந்து. நான்கு விநாடிக்கு மேல் பிடித்தால் இயங்குதளத்தைக் கேட்காமல் மின்சாரத்தை வெட்டுவது ஏசிபிஐ கொடுத்த கடைசி உரிமை. அதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொண்டவர்கள்தான் லினக்ஸ் கோப்புகளைத் தின்றுவிட்டது என்றும் புலம்புகிறார்கள். நீங்கள் சேமித்த கோப்பு வட்டில் ஏறும் முன் அரை நிமிடம் வரை நினைவகத்திலேயே இருக்கலாம். திரை உறைந்துபோனாலும் பல நேரம் கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது. ஆல்ட் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, ஓ என்ற மூன்று எழுத்துகளைச் சற்று இடைவெளி விட்டு வரிசையாகத் தட்டுங்கள். முதலாவது எழுத வேண்டியதை வட்டில் எழுதும், இரண்டாவது வட்டுகளை எழுத முடியாதபடி பூட்டும், மூன்றாவது அணைக்கும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை.

அதைவிடக் கொடுமை, ஒட்டு வைத்தியம். நிறுவும்போது திரை கறுத்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தொடக்க வரியில் 'ஏசிபிஐ=ஆஃப்' என்று சேர்ப்பார்கள். அது நிரந்தரமாக அங்கே தங்கிவிடும். மின்சாரத்தை நிறுத்தும் சட்டப் புத்தகத்தையே கிழித்துப் போட்டாயிற்று. பிறகு ஷட் டவுன் கொடுத்தால் திரை அணைந்தும் விசிறி ஓடுகிறதே என்று ஆச்சரியப்படுவார்கள். கடைகளில் பார்த்த அணையாத லினக்ஸ் கணினிகளில் இந்த வரியைக் கண்டதற்குக் கணக்கே இல்லை.

இனி லினக்ஸின் பங்கு. ஹைபர்னேட் என்ற எஸ்4 உறக்கத்தை உபுண்டு இயல்பாகத் தருவதில்லை. ஃபெடோரா 2020இல் வந்த 33ஆம் பதிப்பில் நினைவகத்துக்குள்ளேயே சுருக்கிவைக்கும் ஸ்வாப்புக்கு மாறியதால் அங்கும் அது இயல்பாகக் கைகூடாது. செக்யூர் பூட் போட்டிருந்தால் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பல பதிப்புகளின் கெர்னல் ஹைபர்னேட்டை மறுத்துவிடும். பயனருக்கு இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நேற்றுவரை தூங்கி எழுந்த கணினி கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு எழாமல் போவதும் நடக்கிறது. அதற்கு ஃபர்ம்வேரைக் கைகாட்ட முடியாது. பழைய கெர்னலைத் தொடக்கப் பட்டியலில் வைத்திருப்பதால் தப்பிக்கிறோம், அவ்வளவுதான். என்விடியா அட்டைகளின் கதை தனி: மூடிய டிரைவரைக் கொடுத்தவர் குற்றம் பாதி, அதன் தூக்கத்துக்கான சேவைகளை ஒழுங்காக இயக்கி வைக்காத லினக்ஸ் பதிப்புகளின் குற்றம் பாதி. விண்டோஸ் தன் தூக்கத்தைப் பற்றி ஒரு அறிக்கையை அழகாக எழுதித் தருகிறது. லினக்ஸில் தகவல் எல்லாம் இருக்கிறது, ஆனால் பாட்டியும் படிக்கும்படி இல்லை. இந்தக் குறைகளைச் சொல்லி யாராவது லினக்ஸைத் திட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.

ஆனால் அப்படித் திட்டுவதற்கும் முதலில் பார்க்க வேண்டும். மூடினால் எழாத லேப்டாப்பில் சிஸ் அடைவுக்குள் பவர் என்ற கோப்புறையில் மெம்_ஸ்லீப் என்ற கோப்பு இருக்கும். அதில் 'டீப்' என்ற சொல் இருந்தால் எஸ்3 உண்டு, 'எஸ்2ஐடில்' மட்டும் இருந்தால் தயாரிப்பாளர் அரைத்தூக்கத்தைத்தான் கொடுத்திருக்கிறார். கணினியை எழுப்பக்கூடிய கருவிகள் எவை என்று ப்ராக் அடைவின் ஏசிபிஐ பகுதியில் உள்ள வேக்அப் பட்டியல் சொல்லும். முந்தைய முறை அணையும்போது கடைசியாக என்ன நடந்தது என்பதை ஜர்னல்சிடிஎல் காட்டும். ஏஎம்டி லேப்டாப் என்றால் தூக்கத்தைச் சோதித்துக் காரணம் சொல்லும் கருவியை ஏஎம்டியே இலவசமாகத் தருகிறது. டெல், லெனோவோ, எச்பி நிறுவனங்களின் பல மாடல்களுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு லினக்ஸுக்குள்ளேயே வருகிறது. மற்ற எதையும் தொடும் முன் அதைப் போட வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் விண்டோஸ் போட்டுக் கொடுத்துக் காசு வாங்குவதைப் பழுதுபார்ப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பென் டிரைவில் லினக்ஸை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நிறுவாமலேயே அதிலிருந்து ஓடும். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் ஓட்டி, மூடியை மூடி, ஒரு பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். பிறகு ஷட் டவுன் கொடுங்கள். பென் டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்லும், அது கோளாறு அல்ல. எழவில்லை, அணையவில்லை என்றால் அந்த மாடலை வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். லினக்ஸில் சோதித்துப் பார்க்காமல் விற்றால் ஒரு விற்பனை போகும் என்று தெரிந்தால்தான் தயாரிப்பாளர் சோதிப்பார்.